ஒரு ஸ்டாரும் ஒரு முகவரியும்

"வீட்டுக்குள்ள வைக்க முடியல."

அக்காவின் இணையக் கடைக்கு வந்த பதின்மூன்றாவது ரிவ்யூ இது. ஒரு ஸ்டார், அதன்கீழ் இந்த மூன்று சொற்கள். பொருள், ஒரு தோல் கைப்பை. அதுவரை வந்த பன்னிரண்டும் ஐந்து ஸ்டார். சராசரி ஐந்திலிருந்து 4.7க்கு இறங்கியது. அன்றிரவு அக்கா எனக்கு போன் செய்தாள். அழவில்லை, கோபப்படவுமில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஏண்டா, இவங்க தோல் நாறுதுன்னு சொல்றாங்களா, இல்ல நம்மள சொல்றாங்களா?"

சாதியும் சந்தையும் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன் நான். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. ஆனால், ஒரு சிறு விற்பனையாளர் இப்படியொரு கேள்வியை இரவில் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதற்குப் பதில் பெறும் வழி எதையும் சந்தை அவருக்குத் தரவில்லை என்பது அநீதி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கம்பெனியிலிருந்து கடைக்கு

அக்கா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் பிரிவு. தாத்தா செருப்பு தைத்தவர். அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் ஈரத்தோல் சுமந்தவர். 2020 ஊரடங்கில் வேலை போனபோது அக்காவிடம் மிஞ்சியது ஒரு பழைய தையல் மெஷினும் கைவேலையும்தான். கம்பெனிகள் கழித்துப்போடும் துண்டுத்தோலை எடைக்கு வாங்கி பர்ஸ், பெல்ட், கைப்பை என்று தைக்க ஆரம்பித்தாள். முதலில் தெரிந்தவர்களுக்கு விற்றாள், பிறகு வாட்ஸ்அப்பில், அதன்பிறகு ஒரு பெரிய இணையச் சந்தையில்.

கடைக்குத் தாத்தாவின் பெயரையே வைத்தாள். கடை அறிமுகத்தை எழுதிக்கொடுத்தது நான்: "மூன்று தலைமுறையாகத் தோல் வேலை செய்யும் குடும்பம்." எழுதும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. இழிவு என்று நம்மீது சுமத்தப்பட்டதைத் தலைநிமிர்ந்து சொல்கிறோம் என்கிற பெருமை. முகவரியில் தெருப்பெயருக்கு அடுத்து 'பழைய காலனி' என்று இருந்தது. ரேஷன் கார்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

பதின்மூன்றாவது ரிவ்யூவுக்குப் பிறகு இன்னும் சில வந்தன. "மாட்டுத்தோல்னு தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்கவே மாட்டேன்" என்று ஒருவர் ஒரு ஸ்டார் போட்டார். பொருள் விவரத்தின் முதல் வரியே 'மாட்டுத்தோல்' என்றுதான் இருந்தது. "இந்த வேலைக்கு இவ்ளோ ரேட்டா?" என்று இன்னொருவர். கொரியர் நான்கு நாள் தாமதமானதற்கு ஒரு ஸ்டார். எதுவுமே எழுதாமல் ஒரு ஸ்டார். இடையில் நியாயமான புகார்களும் இருந்தன. ஒரு பையின் ஜிப் இரண்டாம் நாளே கழன்றுவிட்டது. அக்கா வேறு பை அனுப்பினாள். அவர் திரும்ப வந்து ஸ்டாரைக் கூட்டிப் போட்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "வீட்டுக்குள்ள வைக்க முடியல" என்று எழுதப்பட்ட அந்தப் பை, ஐப்பசி மழையில் தைத்தது. ஈரம் முழுதாகப் போகுமுன்பே பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டியிருந்தாள். அதே வாரத்தில் தைத்து வீட்டில் மிஞ்சியிருந்த பையைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே பூஞ்சை. ஆக, அந்த வாடிக்கையாளர் உண்மையைத்தான் சொல்லியிருக்கலாம். அக்கா பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். ரிவ்யூ அப்படியே இருக்கிறது.

பூஞ்சை இல்லாத பைகளுக்கும் நாற்றம் என்று புகார் வந்ததே, அதை எங்கே வைப்பது? தோலுக்கென்று ஒரு மணம் உண்டு. பெரிய பிராண்டு ஷோரூமில் அதே மணத்துக்கு 'அசல் தோல்' என்று பெயர். 'பழைய காலனி' என்று முகவரி போட்ட கடையிலிருந்து வந்தால் அதே மணம் நாற்றமாகிவிடுகிறதா? நிரூபிக்க முடியாது. சாதி இன்று பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகிறது. சாதிப்பெயரைச் சொல்லித் திட்டினால் சட்டம் இருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்டார் போட்டால் அது வாடிக்கையாளரின் 'கருத்து'.

அண்ணலின் கம்பெனி

வாங்குபவரின் தீர்ப்பு விற்பவரின் பிறப்பைப் பார்த்து மாறுவது இணையத்தோடு வந்ததல்ல. 1917இல் பரோடாவில் தங்குவதற்கு இடமில்லாமல் துரத்தப்பட்டு பம்பாய்க்குத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், குடும்பத்தைக் காப்பாற்றப் பல வேலைகளை முயன்று பார்த்தார். பங்கு வணிகர்களுக்கு முதலீட்டு ஆலோசனை சொல்லும் ஒரு நிறுவனத்தையும் தொடங்கினார். கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்தவர், ஆலோசனையில் குறை காண முடியாது. ஆனால் ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நிறுவனம் மூடப்பட்டது. 1918இல் அவர் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கே தண்ணீர்ப் பானை பிரச்சினை காத்திருந்தது.

அந்த வாடிக்கையாளர்கள் யாரும் ரிவ்யூ எழுதவில்லை. வராமல் இருந்தார்கள், அவ்வளவுதான். இன்றைய இணையச் சந்தை அந்த வராமையை எண்ணாக மாற்றி, அடுத்து வருகிறவர்களுக்கும் காட்டுகிறது.

நியாயமாகச் சொன்னால் வாங்குகிறவர்களாக நமக்கு இணையச் சந்தை பெரிய விடுதலை. எங்கள் ஊர் மளிகைக்கடையில் என் அம்மா காசைக் கையில் கொடுக்க முடியாது, பலகையில் வைக்க வேண்டும். சாமானும் பலகைக்குத்தான் வரும். இன்று அதே அம்மா போனில் குக்கர் வாங்குகிறார். விற்பவருக்கு அம்மாவின் சாதி தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வாங்கும்போது கிடைத்த இந்த முகமின்மை, விற்கும் இடத்துக்குப் போனதும் காணாமல் போகிறது. வாங்குபவர் பெயர் 'வாடிக்கையாளர்' என்றோ இரண்டு எழுத்துகளாகவோ வருகிறது. விற்பவரின் பெயர், ஊர், தெரு எல்லாம் திறந்து கிடக்கின்றன.

இது சட்டப்படியான ஏற்பாடு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, விற்பனையாளரின் வணிகப் பெயரையும் இருப்பிட முகவரியையும் ரேட்டிங்கையும் இணையச் சந்தை வாங்குபவருக்குக் காட்ட வேண்டும். ஏமாற்றுக்காரர்களிடமிருந்து மக்களைக் காக்க எழுதப்பட்ட விதி அது, நோக்கம் சரியானது. ஆனால், முகவரி என்பது இந்த நாட்டில் வெறும் முகவரி இல்லை என்பது விதியை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. 'காலனி' என்ற சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாகிவிட்டது, அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதாவது, முகவரி சாதியைச் சொல்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த முகவரியைத்தான் கடை வாசலில் ஒட்டிவைக்கச் சொல்கிறது இன்னொரு சட்டம்.

கை தெரிந்தால் விலை குறையும்

"எல்லாத்திலும் சாதியைப் பார்க்காதீர்கள், கெட்ட ரிவ்யூ எல்லாருக்கும்தான் வருகிறது" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எல்லாருக்கும் வருவது உண்மை. பெரும்பாலான ஒற்றை ஸ்டார்களுக்கும் சாதிக்கும் தொடர்பில்லை என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் விற்பவர் யார் என்று தெரிவது வாங்குபவரின் மதிப்பீட்டைப் பாதிக்கிறதா என்று சோதித்துப் பார்க்க முடியும், சோதித்தும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஈபே தளத்தில் ஒரே வகையான பேஸ்பால் அட்டைகளை ஏலத்துக்கு வைத்தார்கள். சில படங்களில் அட்டையைப் பிடித்திருந்தது வெள்ளைக் கை, சிலவற்றில் கறுப்புக் கை. கறுப்புக் கை பிடித்த அட்டைகள் சுமார் 20 சதவீதம் குறைந்த விலைக்குப் போயின. ஐபாட் விற்கும் விளம்பரங்களில் இன்னொரு குழு இதையே செய்தது. கறுப்புக் கை தெரிந்த விளம்பரங்களுக்கு 13 சதவீதம் குறைவான பதில்களும், 17 சதவீதம் குறைவான விலைக்கேட்புகளும் வந்தன. பொருளைப் பிடித்திருந்த கையைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை. நம் நாட்டில் கையின் நிறத்துக்குப் பதில் பெயரும் ஊரும் தெருவும் அந்த வேலையைச் செய்கின்றன. 2019இல் ஜபல்பூரில் ஒருவர், உணவு கொண்டுவருபவரின் மதம் பிடிக்காமல் சொமேட்டோ ஆர்டரை ரத்து செய்ததும் அதை அவரே பெருமையாக வெளியில் சொன்னதும் நினைவிருக்கலாம். அவர் வாய்விட்டுச் சொன்னதால் நமக்குத் தெரிந்தது.

எண்களின் கணக்கையும் பார்க்க வேண்டும். பன்னிரண்டு ஐந்து ஸ்டார்களுக்கு நடுவே ஒரு ஒற்றை ஸ்டார் விழுந்தால் சராசரி 4.7. பத்தாயிரம் ஐந்து ஸ்டார்கள் வைத்திருக்கும் பெரிய கடையில் அதே ஒற்றை ஸ்டார் விழுந்தால் எண்ணில் எதுவும் தெரியாது. ஐம்பது ஆர்டர் அனுப்பும் கடையில் ஒரு புகார் என்பது 2 சதவீதம். ஐயாயிரம் ஆர்டர் அனுப்பும் கடை 2 சதவீதத்தைத் தொட வேண்டுமானால் நூறு புகார் வர வேண்டும். சராசரி இறங்கினால் தேடலில் கடை கீழே போகும். கீழே போனால் ஆர்டர் குறையும். ஆர்டர் குறைந்தால் அந்தக் கெட்ட ரிவ்யூவை மூடும் அளவுக்கு நல்ல ரிவ்யூக்கள் சேராது. தளத்தின் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். சேமிப்பும் பெயரும் முன்கூட்டியே இருப்பவருக்கு அது சிராய்ப்பு, புதிதாக நுழைபவருக்கு எலும்பு முறிவு. முதல் தலைமுறையாகச் சந்தைக்குள் வருகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.

பெயரை மாற்றிய அன்று

முதல் வருட முடிவில் அக்கா கடையின் பெயரை மாற்றினாள். தாத்தாவின் பெயரை எடுத்துவிட்டு, எந்த ஊர் எந்தச் சாதி என்று சொல்லாத ஒரு ஆங்கிலப் பெயரை வைத்தாள். நான் எழுதிக்கொடுத்த 'மூன்று தலைமுறை' வரியையும் அழித்தாள். முகவரியில் தெருவுக்கு வேறு பெயரும் உண்டு, அதைப் போட்டுக் 'காலனி'யை எடுத்தாள். என்னிடம் கேட்கவில்லை. பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. "அவனுங்களுக்குப் பயந்து தாத்தா பேரை எடுத்துட்டியா?" என்றேன்.

அக்கா மெதுவாகத்தான் சொன்னாள்: "தம்பி, உனக்கு என் கடை தீசிஸ்ல ஒரு உதாரணம். எனக்கு அது கடை. மாசம் ரெண்டு பிள்ளைங்களுக்கு ஸ்கூல் வேன் பணம் கட்டணும். சுயமரியாதையை யாரு காசுல காட்டுறதுன்னு நீ சொல்லிடாத."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. நியாயம் அவள் பக்கம்தான். ஆய்வு உதவித்தொகை வாங்குகிற நான், அவள் கடையின் வாசலில் என் அரசியலை எழுதிவைத்திருந்தேன். அதற்கான விலையை அவள்தான் கொடுத்தாள்.

பெயர் மாறிய பிறகு நாற்றம் என்ற புகார் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. "பார், சாதிதான் காரணம்" என்று இங்கே முடித்துவிட ஆசைதான். ஆனால் அதே மாதத்தில்தான் அக்கா இன்னொன்றையும் செய்தாள். தைத்த பைகளை ஒரு வாரம் நிழலில் காற்றாட விட்டு, பிளாஸ்டிக்கை விட்டுத் துணிப்பையில் வைத்து அனுப்பத் தொடங்கினாள். இரண்டில் எது காரணம்? எனக்குத் தெரியாது. காற்றாட விட்டுக்கொண்டே பாதிப் பைகளைத் தாத்தா பெயரிலும் பாதியைப் புதுப்பெயரிலும் விற்றுப் பார்த்தால் தெரியும். ஆனால் அது அவள் பிழைப்பு, என் ஆய்வுக்கூடம் அல்ல. லட்சக்கணக்கான கடைகளின் பெயர், முகவரி, ரேட்டிங், ரிட்டர்ன் எல்லாவற்றையும் வைத்திருக்கும் தளங்களால் இதை ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிட முடியும். அந்தத் தரவு அவர்கள் கையில், சந்தேகம் மட்டும் நம் கையில்.

அக்கா கற்றுக்கொண்டது

இதற்கிடையில் கடையை நடத்தியாக வேண்டும். அநியாயமான ரிவ்யூவை என்ன செய்வது என்று அக்கா மூன்று ஆண்டுகளில் தானாகக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நம் தோழர்கள் பலர் ஊறுகாய், சேலை, புத்தகம், கருவாடு என்று இணையத்தில் விற்கத் தொடங்கியிருக்கிறார்கள், பயன்படும்.

முதலாவது, அன்றிரவே பதில் எழுதக் கூடாது. கெட்ட ரிவ்யூவை வாசித்த சூட்டில் எழுதும் பதில், எழுதியவரைவிட நம்மையே அதிகம் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது, காலையில் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொருளில் உண்மையிலேயே குறையா? முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், பணமோ மாற்றுப் பொருளோ தர வேண்டும். பூஞ்சைப் பை அப்படிப்பட்டது. கொரியர் தாமதமா? அனுப்பிய தேதி, டிராக்கிங் விவரத்தோடு தளத்தில் முறையிட வேண்டும். நம் கையில் இல்லாத தவறுக்கு வந்த ரேட்டிங்கை நீக்கவோ கணக்கில் சேர்க்காமல் விடவோ சில தளங்களில் வழியிருக்கிறது. பயன்படுத்திய பொருளை மாற்றிவைத்துத் திருப்பி அனுப்பிவிட்டுக் கெட்ட ரிவ்யூவும் போட்டிருக்கிறார்களா? அதற்குத்தான் ஒவ்வொரு பையையும் பேக் செய்யும்போது போனில் வீடியோ எடுத்துவைக்கிறாள். ரிட்டர்ன் வந்த பார்சலைப் பிரிப்பதையும் எடுக்கிறாள்.

மூன்றாவது, பதில் மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது. அது ரிவ்யூ போட்டவருக்கான பதில் அல்ல, அடுத்து வாசிக்கப்போகும் நூறு பேருக்கானது. மாட்டுத்தோல் புகாருக்கு அக்கா எழுதியது இது: "வணக்கம். இது மாட்டுத்தோல் என்பது பொருள் விவரத்தின் முதல் வரியில் உள்ளது. தங்களுக்கு ஒவ்வாதெனில் 7 நாளில் திருப்பி அனுப்பலாம், பணம் முழுதாக வரும்." வாதம் இல்லை, கெஞ்சலும் இல்லை. வாங்குபவரின் பெயர், போன் எண், முகவரி எதையும் எக்காரணம் கொண்டும் பொதுவில் எழுதக் கூடாது.

நான்காவது, சாதியையோ மதத்தையோ சொல்லி எழுதியிருந்தால் முதல் வேலை ஸ்கிரீன்ஷாட். தேதியும் இணைப்பும் தெரியும்படி எடுத்த பிறகுதான் தளத்துக்குப் புகார். நீக்கிவிட்டால் சாட்சியும் போய்விடும். பொதுப் பார்வையில் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். இணையத்தில் செய்யும் இழிவும் அதில் அடங்கும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. ரிவ்யூ பகுதி எல்லோரும் பார்க்கும் இடம்தான். வழக்குக்குப் போவதா என்பதை அவரவர் வழக்கறிஞரோடு பேசி முடிவெடுக்கலாம். ஆதாரத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது.

ஐந்தாவது, ஒன்றும் எழுதாத ஒற்றை ஸ்டார். அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. "அதை ராத்திரி படுக்கைக்கு எடுத்துட்டுப் போகக்கூடாதுடா" என்பாள் அக்கா. இந்த ஐந்தில் கடினமானது இதுதான் என்றும் சொல்வாள்.

தோழர்கள் செய்ய வந்த உதவி

இந்தக் கதையை ஒருமுறை எங்கள் வாசிப்பு வட்டத்தில் சொன்னேன். ஒரே இரவில் ஐம்பது பேர் ஐந்து ஸ்டார் போடுகிறோம் என்றார்கள். மாட்டுத்தோல் ரிவ்யூ எழுதியவரைத் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்றார் ஒரு தோழர். அக்கா இரண்டையும் மறுத்துவிட்டாள். வாங்காத பொருளுக்கு வரும் புகழ்ச்சி ஒருநாள் தளத்தின் கண்ணில் படும், கணக்கே முடங்கும் என்பது ஒரு காரணம். விற்பவரே வாடிக்கையாளர் வேடத்தில் ரிவ்யூ எழுதுவதை 2020 விதிகளும் தடை செய்கின்றன. ஆள் வைத்து எழுதுவது மட்டும் எப்படி யோக்கியமாகும்? அவள் சொன்ன காரணம் வேறு: "பொய்யா ஒரு ஸ்டார் போட்டா தப்புன்னா, பொய்யா அஞ்சு ஸ்டார் போடுறதும் அதேதானே?"

அவள் கேட்டது ஒன்றுதான். வேண்டுமென்றால் வாங்குங்கள், பயன்படுத்துங்கள், ஒரு மாதம் கழித்து உள்ளதை உள்ளபடி நான்கு வரி எழுதுங்கள். தையல் எப்படி, ஜிப் எப்படி, தோல் எப்படி நிறம் மாறுகிறது என்று. அதில் குறையும் இருக்கலாம். அப்படி எழுதிய ஆறு பேரின் ரிவ்யூக்கள்தான் இன்றுவரை கடையைத் தாங்குகின்றன.

நம்மையும் கொஞ்சம் கேட்டுக்கொள்வோம். சமத்துவம் பேசுகிற நாம், மழையில் இருபது நிமிடம் தாமதமாக வந்த டெலிவரி தோழருக்கு எத்தனை ஸ்டார் போட்டோம்? ஆப் செயலிழந்ததற்கு ஆட்டோ ஓட்டுநரைத் தண்டித்ததில்லையா? தளம் நம் கையில் ஒரு சிறு பிரம்பைக் கொடுத்து மேஸ்திரி வேலை பார்க்கச் சொல்கிறது. சம்பளமில்லாத வேலை என்பதைக்கூட மறந்து, நாமும் பார்க்கிறோம்.

கேட்க வேண்டியது

பொறுமையும் மூன்று வரிப் பதிலும் ஒரு கடையைக் காப்பாற்றலாம். அநீதியை அவை தொடுவதில்லை. ஏற்பாட்டை மாற்றத்தான் வேண்டும், அது முடியும்.

தொண்ணூறுகளில் தொடங்கிய ஈபேயில் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் மதிப்பிட்டுக்கொண்டார்கள். விற்பவர்கள் பழிக்குப்பழியாகக் கெட்ட மதிப்பீடு போட்டு வாங்குபவர்களை மிரட்டுகிறார்கள் என்ற புகார் பெருகியதால், 2008இல் விற்பவர்களின் அந்த உரிமை நீக்கப்பட்டது. அந்தப் புகாரில் உண்மை இருந்தது. அதனால் பழிவாங்கும் உரிமையை நான் கேட்கவில்லை. கேட்பது, முறையிட்டால் ஒரு மனிதர் வாசித்துக் காரணத்தோடு பதில் சொல்லும் உரிமை. நம் 2020 விதிகளில் நுகர்வோர் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது. விற்பவரின் முறையீட்டுக்கு அப்படியொரு கெடு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள ஒழுங்குமுறைப்படி, ஒரு விற்பனையாளரின் கணக்கை முடக்கினால் தளம் காரணத்தை எழுதித் தர வேண்டும், முறையிட உள்வழியும் வைக்க வேண்டும். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இரண்டாவது, மதிப்பிடும் முறை. 2025இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு, வீட்டுப் பராமரிப்பு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு தளத்தை ஆராய்ந்தது. ஐந்து ஸ்டார் முறை இருந்தவரை, ஒரே வேலைக்கு வெள்ளையர் ஒரு டாலர் ஈட்டினால் வெள்ளையரல்லாதவர் 91 சென்ட் ஈட்டினார்கள். ஸ்டாரை எடுத்துவிட்டு 'நன்று', 'நன்றில்லை' என்று கட்டைவிரல் முறைக்கு மாறியதும் அந்த இடைவெளி மறைந்தது. வெறுப்போடு வருபவரை எந்த முறையும் திருத்தாது. ஆனால் தனக்கே தெரியாமல் ஐந்தை நான்காக்கும் மெல்லிய பாகுபாட்டுக்கு இடமில்லாமல் செய்ய முடியும் என்று இதிலிருந்து தெரிகிறது.

மூன்றாவது, முகவரி. கறுப்பின விருந்தினர்கள் மறுக்கப்படுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டிய பிறகு, ஏர்பிஎன்பி தளம் முன்பதிவு உறுதியாகும்வரை விருந்தினரின் படத்தை வீட்டுக்காரருக்குக் காட்டுவதில்லை என்று 2018இல் மாற்றிக்கொண்டது. அதேபோல விற்பவரின் மாவட்டத்தை மட்டும் முதலில் காட்டி, முழு முகவரியை ஆர்டருக்குப் பிறகோ புகாரின்போதோ காட்டலாம். நுகர்வோர் பாதுகாப்பும் குறையாது. இதற்கு விதியில் திருத்தம் வேண்டும், அதைக் கேட்டு எழுத வேண்டும். ரிவ்யூவைப் புகாரளிக்கும் பட்டியலில் 'சாதி, மத இழிவு' என்று தனியாக ஒரு வரி வேண்டும். பெயராலும் ஊராலும் ரேட்டிங் எப்படி மாறுகிறது என்று தளங்கள் ஆண்டுதோறும் கணக்கு வெளியிட வேண்டும். அப்போது அக்காவின் கேள்விக்கு ஊகமில்லாமல் ஒரு பதில் கிடைக்கும்.

கடையின் புதிய பெயர் அப்படியேதான் இருக்கிறது. இப்போது ரேட்டிங் 4.6. கடந்த மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது அக்கா ஒரு புதுப் பையைத் திறந்து காட்டினாள். உள்பக்கம், ஜிப்புக்குக் கீழே, தாத்தாவின் பெயர் சூடு வைத்துப் பதித்திருந்தது. வாங்கித் திறப்பவருக்கு மட்டும் தெரியும். "வெளியில எப்ப போடுவ?" என்று கேட்டேன். "நீங்கள்லாம் அந்த விதியை மாத்துனதும் சொல்லு" என்றாள்.